நிழலில் விட்ட காது

எண்ணெய் வர்ணத்தில் நான் வரைந்த முதல் முகம் இரண்டு மாதமாகியும் காயவில்லை. பறந்து வந்த இரண்டு இலையான்கள் மூக்கில் ஒட்டிச் செத்தன. நாடியில் ஏறிய எறும்பு வழி தெரியாமல் அங்கேயே நின்றது. காரணம் பெரிய இரகசியமில்லை. வர்ணத்தை எண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எந்த எண்ணெய் என்று தெரிந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். பொரிக்க அது, தலைக்கு அது, மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்குக்கும் அது. படத்துக்கும் அதையே விட்டேன். விரலை வைத்தால் கன்னம் விரலோடு வந்தது.

நாங்கள் சண்டையால் முல்லைத்தீவுக் கரையை விட்டு வெளிக்கிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நாலைந்து மைல் உள்ளே வந்து, தரப்பாள் கொட்டில்களில் இருந்தோம். ஆண்கள் அங்கிருந்தே சைக்கிளில் போய்க் கடலில் இறங்கினார்கள். எனக்கு இருபத்தேழு வயது. இடம்பெயர்ந்த ஆஸ்பத்திரி ஒன்று பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. அதில் நான் பதிவு எழுதுகிறவள். வந்தவர்களுக்கு ஒரு கொப்பி, போனவர்களுக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று. அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களையும் சனம் ‘மிஸி’ என்றுதான் கூப்பிட்டது. நான் தாதி இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிறகு விட்டுவிட்டேன்.

வர்ணப் பெட்டி எனக்கு வந்தது ஒரு வெளிநாட்டுத் தாதியிடமிருந்து. எட்டு மாதம் எங்களோடு வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போகும்போது, கொண்டு போக மனமில்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே பற்பசைக் குழாய் போலச் சுருட்டிய வர்ணக் குழாய்கள்: வெள்ளை, கறுப்பு, மஞ்சட்காவி, ஒரு கபிலம், கடைசிச் சொட்டு வரை அழுத்திய சிவப்பு. நீலம் இல்லை, பச்சை இல்லை. சோதனைச் சாவடியில் என்ன இதென்று திறந்து பிதுக்கிப் பார்த்ததில் அவை வீணாகிப் போயினவாம். கூடவே மூன்று தூரிகைகள். ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு பக்கமும் இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு மனிதனின் படம். கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி. தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும். கண்கள் கீழே பார்க்கும். ஒரு கற்றை முடி நெற்றியில் விழுந்திருக்கும். அவனுடைய இடப்பக்க முகம் முழுக்க இருட்டு, பின்னாலும் இருட்டு. இருநூறு வருடத்துக்கு முந்தியது என்றும், அந்தக் காலத்தில் அவர்கள் பக்கத்து ஓவியர்களுக்குத் துக்கத்தை வரைவதில் பெரிய விருப்பம் என்றும் அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருந்தாள். துக்கத்தைத் தேடிப்போய் வரைகிற அளவுக்கு அந்த நாட்டில் என்ன குறை என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் வேறு படம் இல்லை. அவளே முன்பு பார்த்து வரைவதற்காகப் பென்சிலால் அதில் சதுரக் கட்டங்கள் போட்டிருந்தாள். அந்தக் கட்டங்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

நான் சிறு வயதிலிருந்தே படம் கீறுகிறவள். ஆனால் அது பென்சில் விளையாட்டு. வர்ணம் அப்படியில்லை, அது எதிர்த்துக் கதைக்கும். மாச் சாக்கைப் பிரித்துத் தோய்த்து, மரச் சலாகைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, மரவள்ளிக் கஞ்சி பூசிக் காயவிட்டேன். பின்னேரம் வெளிநோயாளர் போன பிறகு பதிவறையின் யன்னலோரம் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அந்த வெளிச்சத்தில்தான் எல்லாம்.

எண்ணெய்ப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர் ஆஸ்பத்திரிக்குச் சவப்பெட்டி அடிக்கிற தச்சர். மூக்கில் இலையான் ஒட்டிய என் படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். “பிள்ளை, இது காயிறதுக்குள்ள நாங்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போயிடுவம்” என்றார். பிறகு தன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிறு போத்தல் எடுத்துத் தந்தார். மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய், பழைய காலத்து மிச்சம். அது காய்ந்தது. நாலாம் நாள் விரல் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த அறையில் காலில்லாத ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் படம் காய்ந்ததற்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பழைய துணியைச் சுரண்டிவிட்டு அதே மனிதனை மறுபடி வரைந்தேன். பிறகும் வரைந்தேன். ஒரே துணியில் நாலு தரம். கிட்டத்தட்ட எட்டு மாதம். வேறொன்றும் வரையவில்லை. அவனிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் எல்லாவற்றையும் இருட்டாக்கு. துணி முழுக்கக் கபிலத்தையும் கறுப்பையும் பூசு, பிறகு பழந்துணியால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை வெளியே எடு. நெற்றி, மூக்குத்தண்டு, ஒரு கன்னம், கீழுதடு. வெளிச்சம் தேவைப்படாததை அப்படியே விட்டுவிடு. இது மிகவும் வசதியான முறை. வரையத் தெரியாததையெல்லாம் இருட்டுக்குள் தள்ளிவிடலாம். அந்தப் படத்தில் இடது காது இருட்டில் இருந்தது. அதனால் எட்டு மாதத்தில் நான் ஓர் இடது காதைக்கூட வரையவில்லை.

நாலாவது தரம் வரையும்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை. கை தானாகப் போனது. அதை நான் தேர்ச்சி என்று நினைத்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். கடலில் இருந்து சடலங்கள் ஒதுங்கிய காலம் அது. பெயர் தெரியாமல் வரும். குளிர் அறை கிடையாது. வந்த அன்றே மண்ணில் தாழ்க்க வேண்டும். முன்பு படம் பிடித்து வைப்பார்கள், பிறகு தேடி வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். இப்போது பிலிம் வருவதில்லை. ஆஸ்பத்திரிக் கமெரா அலுமாரிக்குள் கிடந்தது.

“பிள்ளை, நீர் படம் கீறுறனீர் தானே. முகத்தைக் கீறும். பக்கத்தில அடையாளம் எழுதும். இருக்கிறதை மட்டும் கீறும், வடிவாக்க வேண்டாம்” என்றார்.

அப்படியே செய்தேன். ஒரு பெரிய கொப்பியில் இடப்பக்கம் பென்சிலால் முகம், வலப்பக்கம் உயரம், உடுப்பு, தழும்பு, பல். முதல் முகத்தை வரைந்த அன்று சோறு இறங்கவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு இறங்கியது. வீங்கிய முகத்தை வீங்கினபடி, உப்புத் தின்ற உதட்டைத் தின்றபடி வரைந்தேன். தேடி வந்த இரண்டு பேர் அந்தப் பென்சில் கீறல்களில் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தார்கள். ஆக அந்த முறை சரியாகத்தான் வேலை செய்தது. அதைக் கெடுத்தது நான்.

ஆறாவது சடலம் ஓர் இளம் ஆண். உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம், மேலே ஒன்றுமில்லை. தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் வீங்கி உருவம் கெட்டிருந்தது. இடது காதின் கீழ்த்துண்டு இல்லை. மீன் கடித்ததல்ல, ஓரம் ஆறி வழவழப்பான பழைய காயம். எல்லாம் எழுதினேன், கீறினேன், பின்னேரம் தாழ்த்தார்கள். தலைமாட்டில் இலக்கத் தடி நட்டார்கள்.

அன்று அந்தக் கீறலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதை எந்தத் தாய் பார்ப்பாள் என்று மனது அடித்துக்கொண்டது. அவனுக்கு ஒரு நல்ல முகம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. இதுவரைக்கும் இரக்கம். அதற்குப் பிறகு வந்தது வேறு: என் வர்ணத்துக்கு ஓர் உண்மையான முகம் கிடைத்துவிட்டது என்ற ஆசை. சாக்குத் துணி, கபிலம், கறுப்பு. வீங்கிய பக்கத்தை இருட்டுக்குள் விட்டேன், இடது காது அதோடு போயிற்று. மற்றப் பக்கத்தில் வெளிச்சத்தைத் துடைத்து எடுத்தேன். கண்ணைக் கீழே பார்க்க வைத்தேன். தலை தானாகச் சரிந்தது. நெற்றி வெறுமையாகத் தெரிந்ததால் அதில் ஒரு கற்றை முடி விழுத்தினேன். ஒட்ட வெட்டிய தலை அது. கொப்பியில் என் கையெழுத்திலேயே அப்படி இருக்கிறது. ஆனாலும் விழுத்தினேன்.

டொக்டர் கதவடியில் நின்று பார்த்தார். அவர் அன்று விடிய ஐந்து மணியிலிருந்து நின்ற நிலையில் வேலை செய்தவர்.

“நல்லா இருக்கு. ஆனா ஆள் இப்பிடியோ இருந்தவர்?”

“ஓம் டொக்டர்” என்றேன்.

படம் காய்ந்ததும் விறாந்தையில் நோயாளர் காத்திருக்கும் இடத்தில் கொழுவினேன். சனம் வந்து பார்த்தது. கதைக்கிற மாதிரி இருக்கு என்று சொன்னார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. செத்தவனின் முகத்துக்குக் கிடைத்த பாராட்டை நான் என் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை ஒரு பெண் வந்தாள். எங்கள் கரை ஆள்தான், எனக்கு இரண்டொரு வயது இளையவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. புருசன் கடலுக்குப் போய் நாலு மாதம். கூடப் போனவர்களும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருந்தெடுக்க வந்தவள் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். இலக்கம் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை. நான் எழும்பிக் கிட்டப் போனேன்.

“மிஸி, இது ஆர்?”

“தெரியேல்ல அம்மா. கரையில ஒதுங்கினவர்.”

அவள் கையை நீட்டி நெற்றியில் விழுந்த முடியைத் தொட்டாள். “இது இவற்ற முடிதான். எத்தினை தரம் சீவினாலும் இப்பிடித்தான் விழும். நான் பேசிப் பேசிக் களைச்சனான்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்தினாள். குழந்தை விழாமல் நான் பிடித்தேன்.

செய்யவேண்டிய முறை ஒன்று இருந்தது. உரிமை கேட்டு வருகிறவரிடம் அடையாளத்தை முதலில் கேட்க வேண்டும், பிறகு கொப்பியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கேட்டேன். சாரம் நீலக் கட்டம் என்றாள். கரையில் பாதிப் பேருக்கு அதுதான் சாரம். உயரம் கிட்டத்தட்டச் சரி. தழும்பு, காயம் ஏதாவது என்று கேட்டேன். “ஒண்டும் இல்லை மிஸி, அவற்ற உடம்பில ஒரு கீறல்கூட இல்லை” என்றாள். கொப்பி என் மடியில் விரிந்திருந்தது. ‘இடது காதின் கீழ்த்துண்டு இல்லை, பழைய காயம்’ என்ற வரி அவள் கண்ணில் படாதபடி அதன் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

ஏன் வைத்தேன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். அவள் அழத் தொடங்கியிருந்தாள், சுற்றி நின்ற சனமும் அழுதது, அதை நிறுத்தி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அது ஒரு பாதி. மற்றப் பாதி, என் படத்தில் ஒருத்தி தன் புருசனைக் கண்டுவிட்டாள் என்பது. கொப்பியில் அவள் சொன்ன பெயரை எழுதினேன். கையெழுத்து வைத்தாள்.

இலக்கத் தடியை எடுத்துவிட்டுச் சிலுவை நட்டார்கள். தச்சர் அடித்தார், பெயரை நான் எழுதினேன். கொட்டில் கோவிலில் பூசை நடந்தது. தாலியைக் கழற்றி மாதாவின் கழுத்தில் போட்டாள். வெள்ளைச் சேலை உடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, “மிஸி, அந்தப் படத்தைத் தருவீங்களோ? எங்களிட்ட அவற்ற படம் ஒண்டும் இல்லை. வெளிக்கிடேக்க ஆல்பத்தை எடுக்க மறந்திட்டன்” என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. துணியைச் சட்டத்தோடு பழைய சீலையில் சுற்றிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்ளுவாள். நான் பிடிக்க விட்டேன்.

அதற்கு இரண்டு மாதத்தின் பிறகு ஒரு முதியவர் வந்தார். உருத்திரபுரத்து விவசாயி, இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் இருந்தார். அங்கிருந்து சைக்கிளை மிதித்தும் உருட்டியும் மூன்று நாள். வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைந்த காணி போன பிறகு, அவருடைய மகன் கூலிக்குக் கடலுக்கு வந்திருக்கிறான். நீந்தத் தெரியாத பிள்ளை என்று சொன்னார். நான் விறாந்தைக்குக் கூட்டிப்போய்க் கொப்பியை விரித்துக் காட்டினேன். அவர் கையால் விலக்கினார்.

“எனக்குக் கண்ணில வெள்ளை படர்ந்திருக்கு பிள்ளை. ரோட்டு மங்கலாத் தெரியும், படம் தெரியாது. எழுதியிருந்தால் வாசியுங்கோ.”

வாசித்தேன். ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பக்கம் முடியவும் “இல்லை” என்பார். ஆறாவது பக்கத்துக்கு வந்தேன். உயரம் வாசித்தேன். சாரம் வாசித்தேன். ஒட்ட வெட்டிய தலை என்று வாசித்தபோது அவர் சற்று முன்னால் சாய்ந்தார். “மொட்டை மாதிரித்தான் இருக்கும். நான்தான் வெட்டிவிட்டனான்” என்றார். நான் நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். பிறகு தானாகவே சொன்னார்: “இடது காதில கீழ கொஞ்சம் இருக்காது. அஞ்சு வயசில நாய் கடிச்சது. அப்பிடி ஏதும் எழுதியிருக்கோ?”

எழுதியிருந்தது. அதன் மேலே வேறொருவரின் பெயரும் எழுதியிருந்தது.

“ஐயா, இதை நான் இன்னும் வடிவாப் பாத்துச் சொல்லோணும். நாளைக்குக் காலமை சொல்லுறன்” என்றேன். நல்லது பிள்ளை என்று சொல்லி, விறாந்தையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் துவாயை விரித்தார். இவ்வளவு தூரம் வந்த மனிதரை ஒரு நாள் மேலதிகமாகக் காக்க வைத்தேன். அன்றைக்கு நான் செய்ததில் அதுவும் ஒரு குற்றம்தான்.

டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“முதல் அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லும். பிறகு இந்த ஐயாவுக்கு. நான் சொல்லமாட்டன். நீர்தான் கீறினனீர்” என்றார்.

பின்னேரம் மூன்று மணிபோல அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். அதற்குள் நான் போவது அதுதான் முதல் தரம். கூரையைத் தாங்கிய நடுக்கப்பில் என் படம் கொழுவியிருந்தது. கீழே ஒரு தகர மூடியில் மெழுகுதிரி. சின்னக் குழந்தை அதற்கு முன்னால் இருந்து சிரட்டையில் மண் சோறு சமைத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு சிரட்டையை எடுத்து எனக்கு நீட்டியது. இன்னொன்றைப் படத்துக்கு நீட்டி, “அப்பாவுக்கு” என்றது. இரண்டு வயது இப்போதுதான் நிரம்பிய குழந்தை.

எப்படிச் சொன்னேன் என்று ஒழுங்காக நினைவில்லை. நேரே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். காது பற்றியும் தேடி வந்த தகப்பன் பற்றியும் சொன்னேன். கையால் மறைத்ததையும் சொன்னேன்.

“முடி?” என்று கேட்டாள்.

“முடி நான் வைச்சது. அந்தாளுக்கு ஒட்ட வெட்டின தலை.”

“அவருக்கு அப்பிடித்தானே விழுறது.”

“அது எனக்குத் தெரியாது அம்மா. நான் வேற ஒரு படத்தில இருந்து வைச்சனான்.”

எந்தப் படம் என்றாள். வெள்ளைக்காரன் ஒருவனின் படம், இருநூறு வருடத்துக்கு முந்தியது என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கே கேட்கக் கூடாததாக இருந்தது. அவள் எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய் நின்று, அந்த இருட்டுப் பக்கத்தில் விரலால் தடவினாள், உள்ளே காது இருக்கிறதா என்று தேடுகிறவள் போல. வெகுநேரம் தடவினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“அப்ப நான் திரும்பவும் காத்துக்கொண்டிருக்கோணுமோ, மிஸி?” என்று கேட்டாள்.

அவளுடைய நாலு மாதக் காத்திருப்புக்கு நான்தான் ஒரு முடிவைக் கொடுத்திருந்தேன். இப்போது அதைப் பறித்துவிட்டேன். அழுதேன். அவள் அழவில்லை. காதுக்காரரின் தகப்பன் எங்கே என்று விசாரித்தாள். விறாந்தையில் இருக்கிறார் என்றேன். சாப்பிட்டாரோ என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை முதியவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். காது வரியை வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “இடத்தைக் காட்டுங்கோ” என்றார். சைக்கிள் காண்டிலை அவர் பிடிக்க, நான் அவரைப் பிடிக்க, சவக்காலைக்கு நடந்தோம்.

எங்களுக்கு முன்பே அவள் அங்கே வந்திருந்தாள். வெள்ளைச் சேலையோடுதான். முழங்காலில் நின்று சிலுவையைச் சுற்றி மண்ணைக் கையால் பறித்துக்கொண்டிருந்தாள். தச்சர் ஆழமாகத்தான் நட்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். தனியாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுத்தாள். புருசனின் பெயர் எழுதிய பக்கத்தை முந்தானையால் துடைத்து, ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

முதியவர் சைவக்காரர். மகனை எரித்திருக்க வேண்டும், சாம்பலைக் கடலில் கரைத்திருக்க வேண்டும். தோண்டி எடுத்து எரிக்க முடியுமா என்று வெளிக்கிடும்போது டொக்டரைக் கேட்டு, முடியாது என்று தெரிந்துகொண்டிருந்தார். அதனால் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துவாய் நுனியில் முடிந்தார். சாம்பல் இல்லாவிட்டால் மண்ணாவது கரைக்கலாம் என்றார். யார் அங்கே நிற்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் அவள் நின்ற பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

“ரெண்டு மாசமா என்ர பிள்ளைக்கு விளக்கு வைச்சிருக்கிறீங்கள். அழுதிருக்கிறீங்கள். அவன் ஆருமில்லாமல் கிடக்கேல்ல. அது காணும் எனக்கு” என்றார்.

அவள் அவருக்குப் பிடிக்கிறதுக்குக் கை கொடுத்து எழுப்பிவிட்டாள்.

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவளுடைய தாலி மாதாவின் கழுத்தில் இருந்தது. சாமிக்குப் போட்டதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு மஞ்சள் கயிறாவது கட்டச் சொல்லட்டுமா என்று யோசித்தேன், அதைச் சொல்ல நான் யார் என்றும் யோசித்தேன். என்னால் திருத்தக்கூடிய ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பதாகப் பட்டது.

“அந்தப் படத்தை நான் கொண்டு போறன். உங்கட வீட்டில அது இருக்கக்கூடாது” என்றேன்.

“எடுக்கேலாது மிஸி” என்றாள். சிலுவையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “சின்னவளுக்குத் தேப்பன்ர முகம் நினைவில்லை. அவர் போகேக்க அவள் தத்தித் தத்தி நடந்துகொண்டு திரிஞ்சவள். இப்ப அவளுக்கு அதுதான் அப்பா. விடிஞ்சால் அதோட கதைக்கிறாள், சோறு குடுக்கிறாள். அதைப் பறிச்சால் அவளிட்ட நான் என்னத்தைக் காட்டுறது?”

அவள் சில அடி நடந்துவிட்டுத் திரும்பினாள்.

“அவர் வந்தாரெண்டால், அவரை ஆரெண்டு நான் பிள்ளைக்குச் சொல்லுறது, மிஸி?”

நான் அந்தப் பக்கத்தில் இருந்த வரைக்கும் அவர் வரவில்லை.